எட்டு பார், இருபது விநாடி: சினிமாவுக்கு ராப் எழுதிப் பாடிய அனுபவம்

ராப் பாடுகிறவர்கள் மத்தியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எழுதியவன்தான் பாடுவான். அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைத் தன் வரி என்று சொல்லி மேடையேறினால் அந்த வட்டாரத்தில் மரியாதை போய்விடும். சினிமாவில் நிலைமை வேறு. எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர், திரையில் வாயசைக்கிறவர் இன்னொருவர். தமிழ்ப் பாட்டு பல தலைமுறையாக இப்படித்தான் வளர்ந்திருக்கிறது, அற்புதமாகவும் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு ராப்பர் சினிமாவுக்குள் போகும்போது அவருக்குக் கிடைக்கிற நல்லதும் வருகிற சிக்கலும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரே ஆளாக இருந்தவரை எழுத்து, குரல், முகம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிற இடம் சினிமா.

நான் வடசென்னையில் வளர்ந்தவன். நண்பன் வீட்டு அறையில் மைக் வைத்து ரெக்கார்ட் செய்து யூடியூபில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், இன்றும் போடுகிறேன். நடுவில் சினிமாப் பாட்டுகளுக்கு ராப் பகுதி எழுதிப் பாடும் வாய்ப்புகள் வர ஆரம்பித்தன. சின்ன வேஷங்களில் நடித்தும் இருக்கிறேன். இன்ஸ்டாவில் தம்பிகள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "அண்ணா, உள்ள எப்படிப் போறது?" உள்ளே போக ஒரு வழி என்று எதுவும் கிடையாது. போன பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

அழைப்பு பெரும்பாலும் இசையமைப்பாளரிடமிருந்து நேராக வராது. அவருடைய மேனேஜரோ, கம்ப்யூட்டரில் ட்ராக் அமைத்துக் கொடுக்கிற புரோகிராமரோ கூப்பிடுவார். "ப்ரோ, ஒரு எட்டு பார் வேணும். ஹீரோ இன்ட்ரோ. நைட்டுக்குள்ள அனுப்ப முடியுமா?" அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப்பில் ட்ராக் வரும். ஃபைலில் படத்தின் பெயர் இருக்காது. பல்லவி டம்மி வரிகளில் ஓடும், நடுவில் தாளம் மட்டும் தனியாக ஒலிக்கிற ஒரு வெற்றிடம். அதுதான் நம்முடைய இடம்.

முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு பார் என்பது நாலு தாள அடி. நிமிஷத்துக்கு 96 அடி ஓடுகிற ட்ராக் என்றால், எட்டு பார் என்பது 32 அடி, அதாவது சரியாக 20 விநாடி. ஒவ்வோர் அடியையும் நாலாகப் பிரித்தால் மொத்தம் 128 இடங்கள். அத்தனையிலும் அசையை அடைத்தால் மூச்சுவிட இடமில்லை, கேட்கிறவருக்கு ஒரு சொல்லும் புரியாது. நூறுக்குள் நிறுத்தினால் பேச்சாக நிற்கும். இந்த நூறு அசைக்குள் ஒரு ஆளை அறிமுகப்படுத்த வேண்டும், ஒரு சவால் விட வேண்டும், திரும்பப் பல்லவிக்குக் கொண்டுபோய் விட வேண்டும். சொந்தப் பாட்டில் மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டு சொல்கிற விஷயத்துக்கு இங்கே இருபது விநாடிதான்.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றைக்குப் பரீட்சையோடு மறந்திருப்போம். ராப் எழுத உட்காரும்போது அது அப்படியே வேலைக்கு வரும். வேகமாக ஓட வேண்டிய இடத்தில் குறில் சொற்களை அடுக்க வேண்டும். தாளத்தின் மேல் ஓங்கி அடிக்க வேண்டிய இடத்தில் க், ச், ட், த், ப், ற் என்கிற வல்லின ஒற்று இரட்டித்து வருகிற சொல்லை வைக்க வேண்டும். நெடிலைத் தேவையில்லாத இடத்தில் வைத்தால் வாய் பின்னால் இழுக்கும், தாளம் முன்னால் போய்விடும்.

இன்னொன்று. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இயைபு சுலபமாக அமைந்துவிடும். வந்தான், நின்றான், வென்றான் என்று எட்டு வரியையும் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் கேட்கிறவர் மூன்றாவது வரியிலேயே அடுத்தது என்ன என்று கண்டுபிடித்துவிடுவார். நம் வேலை தெரிவது எதுகையில்தான். என் சொந்தப் பாட்டு ஒன்றில் இப்படி எழுதியிருந்தேன்: "வத்திப்பெட்டி வீட்டுக்குள்ள ஒத்திகை பார்த்தோம், பத்தி எரிஞ்ச ரோட்டுமேல சத்தியம் சேர்த்தோம்." பார்த்தோம், சேர்த்தோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. வத்தி, ஒத்தி, பத்தி, சத்தி என்று நாலு இடத்தில் ஒரே ஒலி வந்து விழுகிறதே, ஸ்னேர் டிரம் அடியோடு அதைச் சேர்த்து வைத்தால் கேட்கிறவர் தலை தானாக ஆடும். இந்த வரிகளைக் கேட்டுத்தான் எனக்கு முதல் சினிமா அழைப்பு வந்தது.

எழுத ஆரம்பிப்பதற்கு முன் நான் கேட்கிற கேள்விகள் சில உண்டு. இதை யார் சொல்கிறார்? யாரைப் பார்த்துச் சொல்கிறார்? இதற்கு முந்தின காட்சியில் என்ன நடக்கிறது? திரையில் ஹீரோ வாயசைக்கிறாரா, இல்லை பாட்டு பின்னணியில் ஓட, துண்டு துண்டாகக் காட்சிகள் வருகிற மான்டேஜா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மான்டேஜ் என்றால் வேகத்தை ஏற்றலாம். வாயசைப்பு என்றால், நடிகர் ஆடிக்கொண்டே அந்த வரியைச் சொல்ல வேண்டும். மூச்சுவிடாத பத்து அசைகளை அவர் வாயில் திணித்தால், படப்பிடிப்பில் கேமராவை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள், அல்லது எடிட்டில் அந்த வரி போய்விடும். உதடு மூடித் திறக்கிற ப, ம எழுத்துகளை முக்கியமான சொற்களில் வைத்தால் குளோசப்பில் வாயசைப்பு கச்சிதமாகத் தெரியும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு நடன உதவியாளர். ராப்பர்கள் யாரிடமும் இதை நான் கேட்டதில்லை.

ரெக்கார்டிங் அறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் நாம் ஒரே மூச்சில் பாடி, அதில் வருகிற சின்னத் தடுமாற்றத்தைக்கூட அழகு என்று விட்டுவிடுவோம். சாலிகிராமம், வடபழனிப் பக்கத்து ஸ்டுடியோவில் வரி வரியாக எடுப்பார்கள். ஒரு பார் பாடி நிறுத்தி, அடுத்த பாரை அங்கிருந்து தனியாகப் பதிந்து ஒட்டுவார்கள், இதுதான் பன்ச். பிறகு அதே வரிகளை இன்னொரு முறை மேலே பாடச் சொல்வார்கள், டபுள். வரிக் கடைசிச் சொற்களை மட்டும் இன்னும் இரண்டு தடவை, இடது பக்கமும் வலது பக்கமும் வைக்க. அப்புறம் "ஹே", "ஆ", "வா வா" மாதிரியான ஆட்லிப். இதில் டபுளுக்குத்தான் தயார் செய்துகொண்டு போக வேண்டும். முதலில் பாடியதை அதே நேரத்தில், அதே அழுத்தத்தில் திரும்பப் பாட வராவிட்டால் இன்ஜினியர் கையால் இழுத்து ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அடுத்த தடவை உங்களைக் கூப்பிடுவதா என்று அவரிடமும் கேட்பார்கள். நான் வரிகளைத் தாளில் எழுதி, மூச்சு எடுக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போவேன். செல்போனைப் பார்த்துப் பாடுகிறவர்களைவிட இது நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

பன்ச் செய்து எடுக்கலாமே என்று மூச்சுக்கு இடமில்லாமல் எழுதிவிடாதீர்கள். படம் வரும்போது ஆடியோ வெளியீட்டில் அதை மேடையில் பாடச் சொல்வார்கள். அங்கே நமக்குப் பன்ச் கிடையாது.

இனி கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நமக்கு முன்னால் வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று தெரியாமல் நம் இடம் புரியாது. 1994-ல் காதலன் படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ் பாடிய பேட்டை ராப், சென்னைப் பேச்சை ராப் தாளத்தில் உட்கார வைத்தது. அப்போது சென்னையில் ராப்பர் என்று ஒரு கூட்டமே கிடையாது. அந்தப் பாட்டு ஒரு சினிமாப் பாட்டாகவே பிறந்தது. பிறகு ரஹ்மான் பிளாசி என்கிற ராப்பரை அழைத்து வந்தார். 2007-ல் சிவாஜி படத்தில் பிளாசியின் குரல் கேட்டது, 2008-ல் ஸ்லம்டாக் மில்லியனர் வரைக்கும் போனது. அதே படத்தில் ரஹ்மானோடு சேர்ந்து பாடியதற்காக எம்.ஐ.ஏ. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்குப் போனார், ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகள்.

என் தலைமுறைக்குத் திருப்புமுனை மலேசியாவிலிருந்து வந்தது. யோகி பி அண்ட் நட்சத்ரா குழுவின் வல்லவன் ஆல்பம் 2006-ல் வந்தபோது, தமிழில் முழு ஆல்பமே ராப்பாக இருக்கலாம் என்று தெரிந்தது. சினிமாவை நம்பாமல் வந்த வேலை அது. அதைக் கேட்ட பிறகுதான் தமிழ் சினிமா யோகி பியைத் தேடிப் போனது. 2007-ல் பொல்லாதவன் படத்தில் ஜி.வி. பிரகாஷ் இசையில், பழைய எம்.எஸ்.வி. மெட்டின் மறுவடிவத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலோடு யோகி பி ராப் வந்தது. அப்புறம் ஆடுகளம், விவேகம், காலா. ஒவ்வொன்றிலும் அவருடைய குரல் வந்தது.

கோயம்புத்தூர்க்காரரான ஹிப்ஹாப் தமிழா ஆதி இன்னும் ஒரு படி மேலே போனார். 2011-ல் இணையத்தில் பரவிய ஒரு பாட்டு, 2012-ல் ஆல்பம், 2013-ல் எதிர்நீச்சல் படத்தில் அனிருத் இசையில் பாட்டு, 2015-ல் ஆம்பள படத்துக்கு முழு இசை, 2017-ல் மீசைய முறுக்கு. அதில் இயக்கம், எழுத்து, இசை, நடிப்பு எல்லாமே அவர். சினிமா பிரித்து வைத்த வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் பார்க்கிறேன். அவருடைய பாட்டுகளில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. ஆனால் இந்தப் பாதையைப் போட்டவர் என்பதில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை.

காலா 2018-ல் வந்தபோது, தாராவியிலிருந்தே டோப்அடெலிக்ஸ் குழுவைப் பாட வைத்தார் சந்தோஷ் நாராயணன். கதை நடக்கிற தெருவின் பையன்களே அந்தத் தெருவைப் பாடினார்கள். எனக்கு அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. அதே ஆண்டு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற இசைக்குழு மேடையேறியது, அதிலிருந்து அறிவு வந்தார். 2019-ல் தெருக்குரல் ஆல்பம், 2021-ல் மாஸ்டர் படத்தில் அவர் எழுதிப் பாடிய பாட்டு. இப்போது பால் டப்பா, அசல் கோலார் என்று வரிசை நீள்கிறது. இவர்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சினிமா கூப்பிடும் முன்பே இவர்களுக்கு ஒரு பாட்டோ ஆல்பமோ ஒரு கூட்டமோ இருந்தது. "வாய்ப்புக் கொடுங்க" என்று டெமோவைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கி வந்தவர்களைவிட, தன் தெருவில் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர்களைத்தான் சினிமா தேடி வந்திருக்கிறது. அதனால் அந்தத் தம்பிகளிடம் நான் சொல்வது, முதலில் உன் பெயரில் ஆறேழு பாட்டாவது வெளியில் இருக்கட்டும் என்பதுதான்.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு படத்துக்கு எட்டு பார் எழுதிப் பாடினேன். லிரிக் வீடியோ வந்தது. பாடலாசிரியர் என்று ஒருவர் பெயர், பாடகர்கள் என்று இரண்டு பேர் பெயர். என் பெயர் பாடகர் வரிசையில்கூட இல்லை, கீழே சின்ன எழுத்தில் "ராப்" என்று போட்டு இருந்தது. மேனேஜரிடம் கேட்டேன். "தம்பி, ராப்னு போட்டிருக்கோமே, அதுலயே எல்லாம் வந்துடுச்சுல்ல" என்றார். வரவில்லை. பாடியது ஒரு உரிமை, எழுதியது இன்னொரு உரிமை. சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. எழுத்தாளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அந்த வரிகளுக்கு வருகிற ராயல்டி நம் கணக்குக்கு வராது. பேசிப் பேசி, இரண்டு வாரம் கழித்து ஸ்ட்ரீமிங் தளங்களில் பாடலாசிரியர் பெயரோடு என் பெயரையும் சேர்த்தார்கள். வீடியோவில் கடைசி வரை மாற்றவில்லை.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. தனிப்பாட்டு உலகத்திலும் நடக்கிறது. 2021-ல் எஞ்சாய் எஞ்சாமி உலகம் முழுக்கப் போன பிறகு, ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அதை எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லாமல் போனபோது எழுந்த குரல்கள் நினைவிருக்கும். பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். எழுதியவரின் பெயர் எங்கே என்று கேட்பது அந்த ஒரு பாட்டோடு முடிகிற கேள்வி கிடையாது.

அதனால் காகிதம் முக்கியம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம் நமக்கு ஆதரவானது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்று பேசிய திருத்தம். படத்துக்காக எழுதிய வரிகளின் உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற இடங்களில் அந்தப் பாட்டு பயன்படும்போது வருகிற ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. எழுத்தாளர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் வசூலித்துக் கொடுப்பது ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு. பாடகர்கள் என்ற முறையில் வருகிற ராயல்டிக்கு, முன்பு ஐ.எஸ்.ஆர்.ஏ. என்று இருந்து இப்போது இசாம்ரா (ISAMRA) என்று பெயர் மாறியிருக்கிற அமைப்பு. நாம் எழுதியும் பாடியும் இருக்கிறோம் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். பாடலாசிரியராக ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகி, வெளியான ஒவ்வொரு பாட்டையும் அங்கே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத பாட்டுக்குப் பணம் வந்து சேர வழியில்லை.

அக்ரிமென்ட் என்று நீட்டுவதில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் எல்லா ஒப்பந்தங்களிலும் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருக்கும். படத்தின் பாட்டுக்கு அதை மறுக்க நம்மால் முடியாது, மறுத்தால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். ஆனால் அதற்குப் பதிலாகப் பெயரைப் பற்றி ஒரு வரி கேட்கலாம்: "ராப் வரிகளும் குரலும்" என்று எல்லா வடிவங்களிலும் பெயர் வர வேண்டும். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் கொடுத்தார்கள். பணம் கூட்டிக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள்கூட பெயருக்கு ஒத்துக்கொள்கிறார்கள். பெரிய ஒப்பந்தம் என்றால் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அதற்கு ஆகிற செலவு பெரிதில்லை.

காகிதமே வராத வேலைகளும் உண்டு, அதுதான் அதிகம். அதற்கு நான் வைத்திருக்கிற வழி, ரெக்கார்டிங் முடிந்த அன்றைக்கே ஒரு ஈமெயில். "இன்று பாடிய வரிகள் இவை, எழுதியவர் நான், பெயர் இந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும்" என்று முழு வரிகளையும் டைப் செய்து மேனேஜருக்கும் இசையமைப்பாளர் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுவேன். மரியாதையாக, நன்றி சொல்லி. தேதியோடு ஒரு ஆதாரம் நம்மிடம் இருக்கும். பணம் வரும்போது வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், அப்படிப் பிடித்ததற்கான டி.டி.எஸ். சான்றிதழைக் கேட்டு வாங்கி வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள். நம் பையன்களில் பலர் இதை விட்டுவிட்டு அந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பது சட்டத்தைவிடக் கஷ்டமான விஷயம். என் சொந்தப் பாட்டு ஒன்றில், விடியற்காலையில் ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் கேனோடு நிற்கிற என் அம்மாவைப் பற்றி நாலு வரி உண்டு. ஒரு உதவி இயக்குநருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "ப்ரோ, இதையே ஹீரோவுக்கு வெச்சுக்கலாமா? டைரக்டர் அழுதுட்டாரு" என்றார். நல்ல மனுஷன், உண்மையாகத்தான் கேட்டார். நான் யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வரிசையில் நின்றது என் அம்மா. அதை வேறொரு முகம் சொல்ல, வேறொரு அம்மா வேஷத்துக்குக் கேமரா திரும்பினால், அடுத்த முறை என் மேடையில் நான் அதைச் சொல்லும்போது கூட்டத்துக்குப் படம்தான் ஞாபகம் வரும். அதற்குப் பதிலாக, அந்தப் படத்தின் அம்மா என்ன வேலை செய்கிறாள், எந்த ஊர், எத்தனை மணிக்கு எழுவாள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கதையில் அவள் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். கையில் மருந்து வாசம் போகாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவளைப் பற்றிப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அது கதைக்கு இன்னும் பொருத்தமாக உட்கார்ந்தது. இயக்குநரும் பழைய வரியைத் திரும்பக் கேட்கவில்லை.

சினிமாவுக்கு எழுதுகிறபோது நாம் ஒரு பாத்திரத்துக்குப் பேசுகிறோம். அதைக் கேவலமாக நினைக்கிற ராப்பர்களை எனக்குத் தெரியும், "சினிமாவுக்குப் போய்ட்டான்" என்று என்னையும் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இன்னொருவர் வாழ்க்கையை விசாரித்து எழுதுவதில் என் எழுத்து வளர்ந்திருக்கிறது. "நான்" என்று ஆரம்பிக்காமல் ஒரு வரி எழுத அதற்கு முன் எனக்கு வராது. ஆனால் என் வாழ்க்கை வரிகளுக்கு ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறேன், அந்த வேலியை யாருக்காகவும் எடுப்பதில்லை.

எழுத்து ராப்பருடையது, குரல் நடிகருடையது என்கிற ஏற்பாடும் இருக்கிறது. 2019-ல் வந்த கல்லி பாய் அதற்குப் பெரிய உதாரணம். மும்பைத் தெரு ராப்பர்களான டிவைன், நேசி இருவரின் வாழ்க்கையிலிருந்து கிளம்பிய படம். டிவைனும் சேர்ந்து எழுதிய அப்னா டைம் ஆயேகா பாட்டை நாயகன் ரன்வீர் சிங் தானே பாடினார். பாட்டு நாடு முழுக்கப் போனது, மும்பை ராப்புக்குப் பெரிய கதவு திறந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபோது அந்தப் பையன்களின் தொண்டையிலேயே அந்த வரிகளைக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தால் 2002-ல் வந்த 8 மைல். எமினெம் தன் ஊரான டெட்ராய்ட்டில், தன் வாழ்க்கையை ஒட்டிய கதையில் நடித்து, படப்பிடிப்பு இடைவெளிகளில் பாட்டு எழுதி, தானே பாடினார். லூஸ் யுவர்செல்ஃப் பாட்டுக்குக் கிடைத்த ஆஸ்கர்தான் ராப் பாட்டு ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். எழுத்தும் குரலும் முகமும் ஒரே ஆளிடம் இருந்ததன் பலம் அந்தப் பாட்டின் முதல் வரியிலேயே தெரியும்.

நடிப்பைப் பற்றி எனக்குக் குறைவாகவே தெரியும், தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஐஸ் கியூப் 1991-ல் பாய்ஸ் இன் த ஹூட் படத்தில் நடித்து, 1995-ல் ஃப்ரைடே படத்துக்குத் தானே சேர்ந்து திரைக்கதை எழுதினார். குயின் லத்தீஃபா சிகாகோ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். வில் ஸ்மித்தைச் சொல்லவே வேண்டாம். ராப்பர்களுக்கு வசனத்தின் டைமிங் இயல்பாகவே வருகிறது. டப்பிங்கில் உட்கார்ந்தபோது எனக்கே அது புரிந்தது, காட்சித் துண்டு லூப்பாகத் திரும்பத் திரும்ப ஓடும்போது உதட்டோடு சேருவது எனக்குச் சிரமமாக இல்லை. சிரமம் படப்பிடிப்பில்தான். மியூசிக் வீடியோவில் நாம் லென்ஸை நேராகப் பார்த்துப் பாடிப் பழகியிருக்கிறோம். கண் தானாக அங்கே போகும். படத்தில் லென்ஸைப் பார்த்தால் ஷாட் போச்சு. கையும் அப்படித்தான், ஒவ்வொரு சொல்லுக்கும் கை எழும். என்னோடு நடித்த ஒரு மூத்த நடிகர், "தம்பி, கையில ஒரு டீ கிளாஸப் பிடிச்சுக்கோ" என்றார். அன்றிலிருந்து சின்னக் காட்சி என்றாலும் கையில் பிடிக்க ஏதாவது ஒரு பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பாடிய பகுதி படத்தில் வராமல் போவதும் நடக்கும். ஆல்பத்தில் நாலரை நிமிஷம் ஓடுகிற பாட்டு, தியேட்டரில் இரண்டரை நிமிஷமாகச் சுருங்கும்போது முதலில் போவது ராப் பகுதிதான். குடும்பத்தோடு முதல் நாள் தியேட்டருக்குப் போகும் முன் எடிட் அறையில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மனசு கஷ்டப்படாமல் இருக்கும். ஆல்பத்தில் இருக்கிற வரை ராயல்டியும் இருக்கும், பெயரும் இருக்கும்.

இப்போது ஒரு படத்துக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்த இசையமைப்பாளர் ட்ராக் அனுப்பவில்லை. கதையைச் சொல்லிவிட்டு, "நீங்க முதல்ல தாளமே இல்லாம சொல்லி அனுப்புங்க, அதுக்கு மேல நான் கட்டிக்கிறேன்" என்றார். வாய்ஸ் மெமோவில் முப்பத்திரண்டு பார் அனுப்பினேன், அதன் மேல் பறையையும் பேஸையும் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். எங்கே வெட்டுவது என்று இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். படக்குழு அறிவித்ததும் பெயரைச் சொல்கிறேன்.